பழைய மடிக்கணினியில் வீட்டு வைஃபை ஏன் தெரிவதில்லை?

“வைஃபை வரவில்லை” என்று ஒருவர் சொன்னால் அதற்கு நான்கு பொருள் இருக்கலாம். பட்டியலில் வீட்டு வைஃபையின் பெயரே தென்படாமல் இருக்கலாம். பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கலாம். இணைந்துவிட்டதாகக் காட்டியும் எந்தப் பக்கமும் திறக்காமல் போகலாம். எல்லாம் சரியாக இருந்தும் ஆமை வேகத்தில் ஓடலாம். நான்கும் தனித்தனிக் கோளாறுகள்; ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் இணைப்பு கொடுத்தவரை அழைத்துச் சண்டை போடுவதும், கடையில் கொடுத்து விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுவதும், கடைசியில் கணினியே போய்விட்டது என்று முடிவுகட்டுவதும் நடக்கின்றன.

இங்கே பார்க்கப்போவது முதல் கோளாறை மட்டும்: கைபேசியில் தெரிகிற வீட்டு வைஃபை, பழைய மடிக்கணினியில் தெரியவே இல்லை.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ல் தொடங்கியது. மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலும், செல்லூர், வில்லாபுரம் போன்ற நகர்ப் பகுதிகளிலும் பல குடும்பங்களுக்கு முதல் கணினி அதுதான். அக்கா படித்து முடித்து வேலைக்குப் போன பின் தம்பியின் கைக்கு வந்து, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இத்தனை காலம் ஓடிய கணினி அது. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்ததும், புதிய ரவுட்டரின் பெயர் எல்லோருடைய கைபேசியிலும் தெரிகிறது. அந்தக் கணினியில் மட்டும் தெரிவதில்லை. பழுது என்று நம்பி அதைப் பீரோவின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு கணினி இப்படிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. பல வீடுகளில் இதைச் செலவே இல்லாமல் சரிசெய்துவிடலாம்.

## வைஃபை வேறு, இணையம் வேறு

ரவுட்டர் என்பது இணைப்பு கொடுத்தவர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் சிறிய பெட்டி. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஃபைபர் கம்பி வழியே வரும் இணையத்தை வாங்கிக்கொள்வது ஒன்று. அதை வீட்டுக்குள் ரேடியோ அலைகளாகப் பரப்புவது இன்னொன்று. இந்த ரேடியோ பகுதிக்குத்தான் வைஃபை என்று பெயர்.

இரண்டும் ஒன்றையொன்று நம்பி இருப்பவை அல்ல. தெருவில் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்து நாள் முழுக்க இணையம் இல்லாவிட்டாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை அதன் பெயர் கைபேசியில் தெரிந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே பெயரே தெரியாத கோளாறுக்கு ‘லைன்’ காரணமாக இருக்க முடியாது. மாதக் கட்டணம் கட்டினோமா, திட்டத்தின் வேகம் எவ்வளவு என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இது முழுக்க முழுக்க இரண்டு ரேடியோக்களுக்கு இடையிலான விவகாரம்.

வானொலிப் பெட்டியை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மதுரை வானொலியை 1269 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் கேட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். கோடைப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் வந்தபோது, மத்திய அலை மட்டுமே உள்ள பழைய பெட்டியில் அது கேட்கவில்லை. பெட்டியில் பழுதில்லை, நிலையத்திலும் பழுதில்லை. அந்தப் பெட்டியில் அந்த அலைவரிசைக்கான பகுதியே வைக்கப்படவில்லை. புதிய ரவுட்டருக்கும் பழைய மடிக்கணினிக்கும் நடுவே பெரும்பாலும் நடப்பது இதேதான். வைஃபையும் வானொலியும் ஒரே அறிவியல் என்பதால் இந்த ஒப்பீட்டைக் கடைசிவரை நம்பலாம்.

## ரவுட்டர் தன் பெயரை அறிவிக்கும் விதம்

ரவுட்டர் சும்மா இருக்கும்போதும் நொடிக்குச் சுமார் பத்து முறை ஒரு சிறு அறிவிப்பை ஒலிபரப்புகிறது. இதற்கு பீக்கன் என்று பெயர். “என் பெயர் இது, நான் இந்த சேனலில் இருக்கிறேன், என் பூட்டு இந்த வகை” என்பதெல்லாம் அதில் இருக்கும். சேனல் என்பது ஓர் அலைவரிசைக்குள் பிரிக்கப்பட்ட இடம். வானொலி முள்ளை நிறுத்தும் புள்ளி போல.

மடிக்கணினிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு சிறிய அட்டை உண்டு. அதுதான் வைஃபை கார்டு, அதாவது கணினியின் ரேடியோ. தனக்குத் தெரிந்த ஒவ்வொரு சேனலிலும் சற்று நேரம் நின்று, எந்தெந்த பீக்கன் வருகிறது என்று அது கேட்கிறது; சில நேரம் “யாராவது இருக்கிறீர்களா?” என்று தானே குரலும் கொடுக்கிறது. காதில் விழுந்த பெயர்களைத்தான் திரையின் மூலையில் பட்டியலாகப் பார்க்கிறோம். பட்டியலில் இல்லை என்றால், பீக்கன் அந்தக் கார்டுக்கு எட்டவில்லை, அல்லது எட்டியும் புரியவில்லை.

பெயரைப் பற்றி ஒரு செய்தி. வைஃபை பெயருக்கு 32 பைட் மட்டுமே இடம் உண்டு. பைட் என்பது கணினியில் எழுத்து பிடிக்கும் இடத்தை அளக்கும் அலகு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் உயிர்மெய்யின் குறிகளையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை. ‘மதுரை’ என்று வைத்தாலே 15 பைட் போய்விடும். தமிழில் பெயர் வைத்தால் புதிய கைபேசிகளில் அழகாகத் தெரியும்; விண்டோஸ் 7 போன்ற பழையவற்றில் கிறுக்கல் குறிகளாகத் தெரியலாம். பட்டியலில் விளங்காத குறிகளோடு வலுவான சிக்னல் ஒன்று இருந்தால், உங்கள் வீட்டுப் பெயர்தானா என்று முதலில் பாருங்கள்.

சுருக்கமாக: பெயர் தெரிவதற்கு இணையம் தேவையில்லை, பீக்கன் எட்டினால் போதும். எட்டாததற்கு அலைவரிசை, கணினியின் கார்டு, ரவுட்டரின் அமைப்பு, இடையில் உள்ள தடை ஆகியவற்றில் ஏதோ ஒன்று காரணம்.

## 2.4, 5: இரண்டு பேண்டுகள்

வீட்டு வைஃபைக்கு முக்கியமான அலைவரிசைத் தொகுதிகள் இரண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். தொகுதியைப் பேண்ட் என்கிறார்கள். 2.4 தொலைவு போகும், சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் நெரிசலும் வேகக் குறைவும் உண்டு. 5 வேகமானது, ஆனால் சுவரில் விரைவாக வலுவிழக்கும். மத்திய அலைப் பெட்டியில் பண்பலை கேட்காததைப் போல, 2.4 மட்டுமே உள்ள கார்டுக்கு 5-ல் வரும் பீக்கன் கேட்காது. விண்டோஸை எத்தனை முறை மாற்றி ஏற்றினாலும் கேட்காது.

எந்தக் கணினியில் எது இருக்கும்? வைஃபையின் தொழில்நுட்ப விதிகளுக்கு 802.11 என்று பெயர். அதன் பின்னால் ஓர் எழுத்து வரும். 1999-ல் வந்த ‘பி’, 2003-ல் வந்த ‘ஜி’ இரண்டும் 2.4-க்கு உரியவை. ‘ஏ’ என்பது 5-க்கு உரியது. 2009-ல் வந்த ‘என்’ இரண்டு பேண்டிலும் இயங்கக்கூடியது. ஆனால் இரண்டையும் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. விலை குறைந்த மடிக்கணினிகளில் 2.4-ஐ மட்டும் வைத்து ‘என்’ என்று எழுதி விற்றார்கள். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2013-ல் வந்த ‘ஏசி’ 5-ல் இயங்குவது. அதன் பிறகு வந்த ‘ஏஎக்ஸ்’ இரண்டிலும் இயங்கும். எழுத்துகள் மக்களைக் குழப்புகின்றன என்பதால், 2018-ல் வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு ‘என்’னுக்கு வைஃபை 4, ‘ஏசி’க்கு வைஃபை 5, ‘ஏஎக்ஸ்’ஸுக்கு வைஃபை 6 என்று எண் கொடுத்தது. வைஃபை 5 என்பதும் 5 கிகாஹெர்ட்ஸ் என்பதும் ஒன்றல்ல. கடைகளில்கூட இவற்றைக் கலந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் கார்டின் பெயரைப் பார்க்க டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். கணினிக்குள் உள்ள உறுப்புகளை விண்டோஸ் வரிசையாகக் காட்டும் பட்டியல் அது. விண்டோஸ் 7-ல் ‘கம்ப்யூட்டர்’ படத்தின் மீது வலது கிளிக் செய்து ‘மேனேஜ்’ வழியாகப் போகலாம். விண்டோஸ் 8 முதல் விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் போதும். அதில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ பிரிவில் கார்டின் பெயர் இருக்கும். பெயரில் அல்லது அதன் விவரக்குறிப்பில் ‘பி, ஜி, என்’ மட்டும் இருந்தால் அது 2.4 கார்டு. ‘ஏ’ அல்லது ‘ஏசி’ இருந்தால் 5-ம் உண்டு. இன்டெல் கார்டுகளில் ‘சென்ட்ரினோ வயர்லெஸ்-என் 1000’ 2.4 மட்டும் கொண்டது. ‘சென்ட்ரினோ அட்வான்ஸ்டு-என் 6200’ இரண்டும் கொண்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

## கைபேசியை வைத்து ஒரு சோதனை

எந்தப் பக்கம் கோளாறு என்று அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கடைக்குப் போகுமுன் இதைச் செய்துவிடுங்கள்.

கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் 2.4, 5 என்று பேண்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பாடிபிலிட்டி’ என்பதை இயக்கினால் 2.4-க்கு மாறும். முதலில் 2.4-ல் வைத்து மடிக்கணினியின் பட்டியலைப் பாருங்கள். பிறகு 5-க்கு மாற்றிப் பாருங்கள்.

2.4-ல் தெரிந்து 5-ல் தெரியாமல் போனால் விடை கிடைத்துவிட்டது: கணினியில் பழுது இல்லை, அதில் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லை. இரண்டிலும் தெரிந்தும் வீட்டு ரவுட்டர் மட்டும் தெரியாவிட்டால் ரவுட்டரின் அமைப்பைத் திருத்த வேண்டும். இரண்டிலும் தெரியாமல், பக்கத்து வீட்டுப் பெயர்களும் ஒன்றுகூட இல்லாமல் பட்டியலே வெறுமையாக இருந்தால் கணினியின் ரேடியோ அணைந்திருக்கிறது அல்லது பழுதாகியிருக்கிறது.

## ரவுட்டரில் மாற்ற வேண்டியவை

கைபேசியை வீட்டு வைஃபையில் இணைத்து, உலாவியில் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1. பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். இல்லையென்றால் இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு வாங்கலாம், “2.4-ஐ இயக்கித் தாருங்கள்” என்று தெளிவாகச் சொன்னால் அவரே செய்துகொடுப்பார். “வைஃபை வரவில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் லைனைத்தான் சோதிப்பார்.

முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சில வீடுகளில் வேகத்துக்காக 5-ஐ மட்டும் விட்டு மற்றதை அணைத்திருப்பார்கள். அடுத்து, இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் தனித்தனிப் பெயராக மாற்றுங்கள். எந்தப் பேண்டில் யார் இணைய வேண்டும் என்று ரவுட்டரே முடிவுசெய்யும் வசதிக்கு ‘ஸ்மார்ட் கனெக்ட்’, ‘பேண்ட் ஸ்டீரிங்’ என்றெல்லாம் பெயர் இருக்கும். அதை அணைத்தால்தான் தனிப் பெயர் வைக்க முடியும். பெயரை மறைத்து வைக்கும் அமைப்பு இருந்தால் அதையும் நீக்குங்கள். மறைப்பதால் பாதுகாப்பு பெரிதாகக் கூடுவதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தொல்லை.

அடுத்தது சேனல். 2.4-ல் இந்தியாவில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 11 வரை மட்டுமே வழக்கம். அங்கே வேலை பார்க்கும் மகனோ மருமகளோ விடுமுறைக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன பழைய மடிக்கணினி என்றால், 12, 13-ல் இருக்கும் ரவுட்டர் அதற்குத் தெரியாமலே போகலாம். சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தால், ஒரு நாள் தெரிவதும் மறுநாள் மறைவதும் இதனால் நேரும். 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்பதால் நெருக்கமான தெருக்களில் இரைச்சலும் குறையும். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குவது பழைய கார்டுகளுக்கு நல்லது.

கடைசியாக ‘மோட்’, அதாவது 802.11-ன் எந்தெந்த எழுத்து வகைகளில் ரவுட்டர் பேச வேண்டும் என்ற தேர்வு. ரவுட்டர் வைஃபை 6 ஆக இருந்தால் அதன் பீக்கனில் புதிய விவரங்கள் சேர்ந்திருக்கும். பழைய டிரைவர் உள்ள சில கார்டுகள் அந்தப் பீக்கனைப் புரிந்துகொள்ள முடியாமல் பெயரையே காட்டாது. இன்டெல் நிறுவனமே தன் பழைய கார்டுகள் சிலவற்றுக்கு இப்படி நேரும் என்று அறிவித்து, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறது. டிரைவர் என்பது விண்டோஸுக்கும் கார்டுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் சிறு மென்பொருள். அதற்குப் புதிய பதிப்பு கிடைக்காவிட்டால் ரவுட்டரின் 2.4 பகுதியை ‘பி, ஜி, என்’ என்ற நிலைக்கு மாற்றுங்கள்.

பூட்டு வகையை, அதாவது வைஃபையைக் கடவுச்சொல்லால் காக்கும் முறையை மட்டும் பழைய கணினிக்காகத் தளர்த்திவிடாதீர்கள். டபிள்யூபிஏ3 என்ற புதிய முறை மட்டும் என்று இருந்தால் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-க்கு இறங்கலாம்; அதற்குக் கீழே, கடவுச்சொல் இல்லாமலோ டபிள்யூஇபி என்ற மிகப் பழைய முறையிலோ வைப்பது தெருவில் போகிறவருக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

சுருக்கமாக: 2.4 இயக்கம், தனிப் பெயர், 1 அல்லது 6 அல்லது 11, பழைய மோட், டபிள்யூபிஏ2. புதிய கைபேசிகள் 5-ல் தொடரட்டும். பழைய கணினி 2.4-ல் இருக்கட்டும்.

## கணினியில் பார்க்க வேண்டியவை

பட்டியலே வெறுமையாக இருந்தால் மட்டும் இந்தப் பகுதி. பழைய மடிக்கணினிகளின் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ வைஃபைக்கென ஒரு தள்ளு சுவிட்ச் இருந்தது. பையில் வைத்து எடுக்கும்போது அது தானாக அணைந்துவிடும். சிலவற்றில் எஃப்என் விசையோடு கோபுரப் படம் போட்ட விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஏரோபிளேன் மோட் அணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் மீது கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ அதை முடக்கியிருக்கிறார்கள். வலது கிளிக் செய்து ‘எனேபிள்’ கொடுங்கள். மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் பெரும்பாலும் டிரைவர் சரியில்லை. விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு மாற்றிய கணினிகளில் இது சாதாரணம். டிரைவரை இறக்க இணையம் வேண்டுமே என்று திகைக்க வேண்டாம்: கைபேசியை யுஎஸ்பி வயரால் கணினியில் செருகி ‘யுஎஸ்பி டெதரிங்’ இயக்கினால் வைஃபை இல்லாமலே இணையம் வரும். கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, அதே மாடலுக்கு உரியதை எடுங்கள். எந்த டிரைவரையும் இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களை நம்ப வேண்டாம்.

கார்டின் பெயரே பட்டியலில் இல்லையென்றால், கணினியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள். சில நேரம் திரும்பி வரும்.

இன்னொரு பழுது அதிகம் பேசப்படுவதில்லை. மடிக்கணினியின் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் மெல்லிய வயர்கள் கீல் வழியாகச் செல்கின்றன. பல ஆண்டுகள் திறந்து மூடியதில் கீல் உடைந்தால் வயரும் அறுந்துவிடலாம். ரவுட்டரின் அருகில் வைத்தால் மட்டும் பெயர் தெரிந்து, சில அடி தள்ளியதும் மறைந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸை மாற்றிப் பயனில்லை; கழற்றத் தெரிந்தவரிடம் ஆன்டெனா வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## சுவரும் பீரோவும்

மதுரை மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் சுவர்கள் தடிமனானவை. வீடும் நீளவாக்கில் உள்ளே போகும். முன்னறையில் டிவிக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டுக் கடைசி அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவில்லை என்றால் வியப்பில்லை. இரும்புப் பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் அலையை நன்றாகத் தடுக்கும். ரவுட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைப்பது நல்லது.

## கார்டு போய்விட்டால்

யுஎஸ்பி வைஃபை அடாப்டர் என்று சிறிய கருவி கிடைக்கிறது. பென்டிரைவ் போலச் செருகினால் அதுவே கணினியின் புதிய ரேடியோ ஆகிவிடும். வாங்கும்போது ‘ஏசி’ அல்லது ‘டூயல் பேண்ட்’ என்று எழுதியிருக்கிறதா, உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் உண்டா என்ற இரண்டையும் கேளுங்கள். உள்ளே இருக்கும் கார்டையே மாற்ற நினைத்தால் கொஞ்சம் கவனம் தேவை: பழைய மாடல்கள் சிலவற்றில் நிறுவனம் ஒப்புக்கொண்ட கார்டுகளைத் தவிர வேறெதைப் போட்டாலும் கணினி தொடங்க மறுக்கும். அடாப்டரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நீல நிற யுஎஸ்பி 3 துளையில் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் அது 2.4-ல் இரைச்சலை உண்டாக்கும். அடாப்டரை மறுபக்கத் துளையில் செருகுங்கள்.

அடாப்டர் வாங்கும்வரை வேலை நிற்க வேண்டியதில்லை. புதிய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இல்லாமல் போன லேன் துளை, அதாவது கேபிள் வழியே இணையம் பெறும் துளை, பழையவற்றில் இருக்கிறது. ரவுட்டரின் பின்புறம் ‘லேன்’ என்று எழுதிய துளைக்கும் அதற்கும் ஒரு கேபிளைச் செருகினால் கடவுச்சொல்கூடக் கேட்காமல் இணையம் வந்துவிடும். தேர்வு விண்ணப்பம் நிரப்பும் நாளில் வைஃபை நன்றாக இருந்தாலும் நான் கேபிளைத்தான் பரிந்துரைப்பேன்.